அவிழ வேண்டிய தையல்

ஐந்தாறு வருடம் ஓடிய எந்தக் காரின் டிரைவர் சீட்டையும் பாருங்கள். கதவை ஒட்டிய வலது ஓரம் அமுங்கிப் போயிருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பின் பாரம் அந்த ஓரத்தில்தான் தேய்கிறது. பஞ்சு தளர்ந்து தையலும் விட்டுப்போனால், உட்காருபவர் ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஓட்ட வேண்டியதுதான். வாலாஜாபேட்டை வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு அது இடுப்புவலியாக வந்து நிற்கும். இதற்கு நாம் பார்க்கும் வைத்தியம், அடியில் மடித்துப் போட்ட ஒரு துண்டு. இல்லையென்றால் பழைய உறைக்கு மேலேயே ஒரு புது சீட் கவர். கோளாறு மறைகிறதே தவிர தீர்வதில்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலைப் பதனிடவும் வெட்டவும் தைக்கவும் தெரிந்த கைகள் வீட்டுக்கு வீடு இருக்கும் வட்டாரத்திலும் இதே நிலைதான். முன் சீட்டின் கோளாறுகளில் பெரும்பகுதியை வீட்டிலேயே சரிசெய்ய முடியும். ஆனால் எதுவரை நம் கை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற எல்லை தெரிந்திருக்க வேண்டும். அந்த எல்லையை நமக்குச் சொல்லும் கடமை வண்டியைச் செய்தவர்களுக்கு இருக்கிறது.

முன் சீட்டுக்கு இரண்டு வேலைகள். நாள் முழுக்க உடம்பைத் தாங்குவது ஒன்று. மோதல் நடக்கும் அந்த ஒரு கணத்தில் உடம்பைப் பிடித்து வைப்பது மற்றொன்று. முதல் வேலையை உறை, பஞ்சு, அடியிலுள்ள ஸ்பிரிங் ஆகியவை செய்கின்றன. இரண்டாவது வேலை இரும்புச் சட்டம், சீட் முன்னும் பின்னும் நகரும் ரெயில், சாய்மானத்தைப் பூட்டும் பற்சக்கரம், தரையில் இறுக்கிய போல்ட்டுகள் ஆகியவற்றுடையது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 60 கிலோ எடையுள்ள மனிதரைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 850 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். பல கார்களில் சீட் பெல்ட்டின் பக்கிள் சீட்டோடுதான் மாட்டப்பட்டிருக்கிறது. அதனால் அந்த விசையில் ஒரு பங்கு நேராக ரெயிலுக்கும் போல்ட்டுக்கும் போய்ச் சேர்கிறது. சீட்டுகளுக்கான ஐ.நா.வின் 17ஆம் எண் வாகன விதி, புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு வேகக்குறைப்பில் வைத்துச் சோதித்தாலும் சீட்டின் பூட்டு விட்டுவிடக் கூடாது என்கிறது. வீட்டு நாற்காலிக்கு இப்படியொரு சோதனை கிடையாது.

முதல் வேலையைச் செய்யும் பகுதிகள் பெரும்பாலும் வீட்டுக் கைக்கு உரியவை. உறையின் உள்பக்கம் மெல்லிய கம்பி கோத்த துணிப்பட்டை இருக்கும். அது பஞ்சில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி, சின்ன இரும்பு வளையங்களால் பிடிக்கப்பட்டிருக்கும். வளையங்களைக் குறடால் நெம்பினால் உறை கழன்று வந்துவிடும். அமுங்கிய ஓரத்தில் சிதைந்த பஞ்சை மட்டும் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, அதே அடர்த்தியுள்ள பஞ்சுத் துண்டை வெட்டி ஒட்டினால் போதும். மெத்தென்று இருக்கிறதே என்று தலையணைப் பஞ்சை வைத்தால் ஒரு மாதத்தில் மறுபடி அமுங்கும். கொக்கியிலிருந்து கழன்ற வளைவு ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுவதும், உடைந்த பிளாஸ்டிக் கைப்பிடியை மாற்றுவதும் இதே வகை வேலைகள்தான். விட்டுப்போன தையலைப் போடும்போது பழைய ஊசித் துளைகளையே பயன்படுத்த வேண்டும். பக்கத்திலேயே புதிதாக நெருக்கித் துளை போட்டால், தபால்தலையின் ஓரத்தைப் போலத் தோல் அந்த வரிசையிலேயே கிழியும். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரெயிலுக்கு வந்தால் கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சீட் நகராமல் சிக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம், இடுக்கில் விழுந்த நாணயம், பேனா மூடி, மணல். டார்ச் அடித்துப் பார்த்து, பிரஷால் தட்டி எடுத்துவிடலாம். நம் ஊர்ப் புழுதியில் கெட்டி கிரீஸை அப்பினால் அது மணலோடு சேர்ந்து களிம்பாகிவிடும். பிறகு ஒரு சோதனை: சீட்டில் உட்கார்ந்து லீவரை விட்டுவிட்டு, இரண்டு காலையும் ஊன்றிப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கப் பூட்டும் ‘டக்’கென்று பல்லில் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டிய சீட், அன்றாட ஓட்டத்தில் லேசாக ஆடும்; மோதலில் முறுக்கிக்கொண்டு பிடுங்கிவரும். பல் தேய்ந்திருந்தாலோ, ரெயில் வளைந்திருந்தாலோ, வெள்ளத்தில் நின்று துருப்பிடித்திருந்தாலோ வீட்டு வேலை அங்கே முடிந்துவிட்டது. வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவதும், வெல்டிங் வைப்பதும் கூடாது. புது ரெயில்தான் போட வேண்டும். போல்ட்டையும் கை வந்த அளவுக்கு முறுக்காமல், அந்த வண்டிக்கு உரிய அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான ஆபத்து உறையிலேயே இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில், அந்தப் பை பெரும்பாலும் முன் சீட்டின் சாய்மானத்தில் கதவுப்பக்க ஓரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மோதும்போது கண் இமைப்பதற்குள் அது உறையைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதற்காகவே அந்த ஓரத்துத் தையலை, குறித்த விசையில் அவிழும்படி தனி நூலில் போட்டிருப்பார்கள். தையல் என்றால் உறுதி என்பதுதான் தோல் தொழிலின் பாடம். இந்த ஒரு தையலின் தரமோ, அது உரிய நேரத்தில் அவிழ்வதில் இருக்கிறது. அக்கறையோடு தடித்த நைலான் நூலில் இழுத்துத் தைத்தவர், உயிர் காக்கும் பையைப் பூட்டி வைத்தவர் ஆகிறார். அந்த வழியை மறைத்து இறுக்கமாக மாட்டிய சீட் கவரும் அதையேதான் செய்கிறது. ஏர்பேக் என்று பொறித்த சின்னத் துணிச்சீட்டு சீட் ஓரத்தில் இருந்தால், அந்தச் சாய்மானத்தின் உறையைத் தொடக் கூடாது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அதையும் தொடாமல் விடுவதே நல்லது.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது எல்லாவற்றையும் கம்பெனி சர்வீஸிடமே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓரப் பஞ்சுக்காக முழு மெத்தையையோ முழு சீட்டையோ வாங்கச் சொன்னால், பலரும் துண்டைத்தான் போடுவார்கள். அல்லது ஏர்பேக் தையலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுப்பார்கள். தகவலை மறைப்பதால் ஆபத்து குறைவதில்லை. வாரண்டி போய்விடும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. ஷம்ஷேர் கடாரியா என்பவர் தொடுத்த வழக்கில், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளிப் பட்டறையில் வேலை பார்க்கக் கொடுத்தார் என்பதற்காக மட்டுமே வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. பிறகு 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

மாற்றிவிடுவது சுலபம், எதற்கு இத்தனை பாடு என்பவர்களுக்குப் பாலாற்றங்கரையில் பதில் இருக்கிறது. ஒரு தோலைக் குரோமில் பதனிட இந்த மண் கொடுத்த விலை பெரிது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆற்றையும் கிணற்றையும் விலையாகக் கொடுத்து உருவான தோலை, ஒரு முழத் தையல் விட்டதற்காகக் குப்பையில் போடுவது நியாயமே ஆகாது.

வீட்டிலேயே எல்லோரும் செய்துகொண்டால் குஷன் கடைக்காரரின் பிழைப்பு என்ன ஆகும்? முழு உறை வெட்டுவதும், மெஷினில் தடித்த தோல் தைப்பதும் வீட்டில் நடக்கிற காரியமல்ல. அந்த வேலை அவருக்குத்தான் போகும். சீட்டைத் திறந்து பார்த்தவருக்கு நல்ல வேலையின் அருமை தெரியும், அதற்கான கூலியும் தருவார். ஏர்பேக் தையல் பற்றிய விவரம் கடைக்காரருக்கும் கிடைத்தால் அவர் தொழிலும் உயரும். பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டியதோடு, கார் தயாரிப்பும் ராணிப்பேட்டை மாவட்டத்தின் தொழிலாகும் வழி திறந்தது. கார் செய்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தையலைத் தொடக் கூடாது, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை வண்டியோடு தரும் கையேட்டிலேயே, தமிழிலும், படத்தோடு அச்சிட்டுக் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்பதும் ஒன்றுதான்: நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, லீவரை விட்டு, சீட்டை ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.