வீடியோ விளையாட்டுக்கள் பொதுவாவது ஏன்?

விளையாட்டு என்றதும் பழைய மாணவராகிய நமக்குக் கல்லூரி மைதானமே நினைவில் எழும். நம் பிள்ளைகளுக்கோ தொலைக்காட்சித் திரை தோன்றும். "இந்த விளையாட்டை ஆட அந்தக் கருவியையே வாங்கவேண்டும்" என அவர்கள் கூறும்போது நாம் திகைக்கிறோம். அந்தக் கட்டுப்பாடு இப்பொழுது தளர்ந்து வருகின்றது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு விளையாட்டை ஒரே கருவிக்கு உரியதாக்குதல் ஒரு வாணிக உபாயமாகும். யப்பானியக் கம்பனியாகிய சோனி, 2006 இல் பிளேஸ்டேஷன் 3 கருவியை அடக்கவிலைக்கும் குறையவே விற்றது. விளையாட்டுக்களின் விற்பனையாலும், பிறர் வெளியிடுவனவற்றிற் பெறும் பங்காலும் அந்நட்டத்தை ஈடுசெய்தல் அதன் நோக்கம். ஆதலின் கருவி முதலில் வீட்டினுட் புகவேண்டும். அதற்குத் தூண்டிலாக அமைவதே தனியுரிமை விளையாட்டு. அமெரிக்க மைக்ரோசொப்ட் கம்பனி 2001 இல் எக்ஸ்பொக்ஸ் கருவியை வெளியிட்டபோது 'ஹேலோ' அப்பணியைச் செய்தது.

காலப்போக்கில் தூண்டிலின் செலவு பெருகிற்று. சோனி 2020 இல் வெளியிட்ட 'த லாஸ்ட் ஒஃப் அஸ் 2' இன் ஆக்கச் செலவு ஏறத்தாழ 22 கோடி டொலர் என்பது, 2023 இல் அமெரிக்க வழக்கொன்றின் ஆவணங்களால் வெளிப்பட்டது. கருவி வாங்குவோர் தொகையோ அவ்வாறு பெருகவில்லை. 2000 இல் வந்த பிளேஸ்டேஷன் 2, 15 கோடிக்கு மேல் விற்றது. 2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4 விற்பனை 12 கோடியை எட்டவில்லை. செலவு பெருக, வாங்குவோர் பெருகாராயின், வெளியீட்டாளர் பிறர் கருவிகளையும் நாடுதல் இயல்பே.

தொழில்நுட்பமும் இதற்குத் துணையாயிற்று. முன்னர்க் கருவிதோறும் உள்ளமைப்பு பெரிதும் வேறுபட்டது. 2013 முதல் சோனி, மைக்ரோசொப்ட் ஆகிய இரண்டின் கருவிகளும் சாதாரண கணினியை ஒத்த செயலிகளையே கொண்டுள்ளன. ஆகவே ஒன்றற்கு ஆக்கியதை மற்றொன்றற்கு மாற்றுதல் எளிதாயிற்று.

சோனியின் 'கோட் ஒஃப் வார்' (2018) கணினிக்கு வர நான்காண்டுகள் சென்றன. அக்கம்பனியே 2024 பெப்ரவரியில் 'ஹெல்டைவர்ஸ் 2' ஐத் தன் கருவிக்கும் கணினிக்கும் ஒருங்கே வெளியிட்டது. 12 வாரங்களில் 1 கோடியே 20 இலட்சம் பிரதிகள் விற்றன. 2025 ஓகஸ்டில் அது எக்ஸ்பொக்ஸுக்கும் வந்தது. மைக்ரோசொப்டும் 2024 இல் தன் விளையாட்டுக்கள் நான்கைப் பிறர் கருவிகளுக்கு அளிக்கத் தொடங்கி, 2025 ஒக்டோபரில் ஹேலோவும் பிளேஸ்டேஷனுக்கு வரும் என அறிவித்தது.

நின்டெண்டோ மட்டும் பழைய வழியில் நிற்கின்றது. அதன் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' சுவிச் கருவியில் மாத்திரம் 6 கோடிக்கு மேல் விற்றது. உள்ளே உள்ள கூட்டமே போதுமாயின் வெளியே செல்வானேன்?

இம்மாற்றத்தால் இரண்டாங் கருவி வாங்கும் செலவு குறையும். வெவ்வேறு கருவி வைத்திருக்கும் நண்பரும் ஒரே விளையாட்டை ஆடலாம். ஆயினும் ஹேலோவுக்காகவே எக்ஸ்பொக்ஸ் வாங்கினோர் மனம் வருந்துதலும் நியாயமே. இன்னும், கருவிகளுட் போட்டி அற்று ஒன்றே எஞ்சுமாயின், அதன் விலையைக் கட்டுப்படுத்துவார் இலராவர். பிள்ளையின் வேண்டுகோளுக்கு இணங்கிக் கருவி வாங்குமுன், அவ்விளையாட்டு வேறெவற்றிற்கு வந்துள்ளது என விசாரித்தல் நமக்கு நலம்.