நினைவுள்ள அலையை நிறுத்துவது எப்படி?

2009 செப்டம்பர் 30ஆம் தேதி சுமத்ராவின் பாடாங் நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, சிங்கப்பூரில் உயரமான கட்டடங்கள் ஆடின. அதிர்வு தானாக அடங்கும் என்று காத்திருக்கலாம். ஆனால், குறித்த நேரத்திற்குள் அதை முழுமையாக நிறுத்த முடியுமா? ‘கட்டுப்படுத்தும் திறன்’ என்னும் கணிதத் துறை இந்தக் கேள்வியைத்தான் ஆராய்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, தேக்காவில் வாங்கிய 10 மீட்டர் கயிற்றின் ஒரு முனையை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத் தூணில் கட்டி, மறுமுனையைப் பிடித்து உதறினேன். அலை தூண்வரை சென்று திரும்பியது. அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டர் என வைத்துக்கொண்டால், போய்வர 4 நொடி. கணக்கின்படி, கயிற்றில் எந்த அலை இருந்தாலும் கையசைவால் 4 நொடியில் நிறுத்திவிடலாம். அதற்கும் குறைவான நேரத்தில் எல்லா அலைகளையும் நிறுத்த முடியாது. தொலைவில் உள்ள அலை கைக்கு வந்தால்தானே அதை அடக்க முடியும்!

அதிர்வைத் தணிக்கக் கட்டடங்களில் ரப்பர் போன்ற பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். இவை முன்பு இழுபட்டதை உடனே மறப்பதில்லை. பழைய இழுப்பின் விளைவு பிறகும் விசையாகத் தொடரும். இதை ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மான் 1874ல் சமன்பாடாக எழுதினார். அலைச் சமன்பாட்டில் இது ‘நினைவு உறுப்பு’ எனப்படுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அசைவு நின்றதும் கையை எடுத்தால், மிஞ்சியுள்ள நினைவு பொருளை மீண்டும் அசைக்கும். எனவே, அசைவோடு நினைவையும் பூஜ்யமாக்க வேண்டும். ஆனால் நினைவு, அலையைப்போல் பயணம் செய்வதில்லை. உருவான இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரே இடத்தில் கை எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது வந்து சேராது.

அப்படியானால் கைதான் அதைத் தேடிப் போகவேண்டும். லூ சி, சாங் சூ, என்ரிக்கே சுவாசுவா ஆகிய கணிதவியலாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியைத்தான் காட்டியது. கட்டுப்படுத்தும் பகுதி நகர்ந்துகொண்டே பொருள் முழுவதையும் தொட்டுவந்தால், குறிப்பிட்ட வகை நினைவுகளையும் சேர்த்து அடக்கலாம் என்று அவர்கள் நிறுவினர்.

தொடக்கக் கல்லூரியில் வகைக்கெழுச் சமன்பாடு படிக்கும் நண்பர்கள், “இது எங்கே பயன்படும்?” என்று அடிக்கடி கேட்பார்கள். நாம் குடியிருக்கும் மாடிகளின் அதிர்வைப் புரிந்துகொள்ளும் வழி, அந்தப் பாடத்திலிருந்துதான் தொடங்குகிறது.