கொக்கி ஊசி பழகும் கைகளுக்கு



"விடியற்காலையிலேருந்து மரம் வெட்டிட்டு வந்த கை. இதுல பின்னல் வேற பழகணுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் பேரப்பிள்ளைக்கு ஒரு தொப்பி, மேசைக்கு ஒரு விரிப்பு என்று தன் கையால் பின்ன நம் பெண்கள் பலருக்கு ஆசை உண்டு. கற்றுக்கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னலை நாமே பழகிக்கொள்ளலாம். தோட்டத்து லயமாக இருந்தாலும், பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடியாக இருந்தாலும் இதற்குத் தனி இடம் வேண்டாம். ஒரு நாற்காலி போதும். பழகும்போது கையும் கண்ணும் கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலிலேயே ஒரு விஷயத்தை மனத்தில் வையுங்கள். பிடி தளர்வாக இருக்கவேண்டும். இறுக்கிப் பிடித்தால் பின்னலும் கெடும், கையும் கெடும்.

என்ன வாங்கவேண்டும்?

4 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசி ஒன்று, நடுத்தரக் கனமுள்ள நூல் ஓர் உருண்டை, சிறு கத்தரிக்கோல். இவ்வளவே. தையற்சாமான் கடையில் மலாய்மொழியில் 'ஜாரும் காயிட்' என்றால் ஊசியும், 'பெனாங் காயிட்' என்றால் நூலும் எடுத்துத் தருவார்கள். நம் வெக்கைக்குப் பருத்தி நூல் நல்லது. கறுப்பு, கருநீலம் வேண்டாம்; கண்ணிகள் தெரியாமல் கண்ணைச் சுருக்கிப் பார்க்க நேரும். வெளிர் நிறமாக எடுங்கள். மெல்லிய நூலும் சன்ன ஊசியும் கை பழகிய பிறகு ஆகட்டும்.

எப்படிப் பின்னுவது?

நூலின் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். ஊசியைப் பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கலாம். கத்தி பிடிப்பதுபோலவும் பிடிக்கலாம். எது சுகமோ அதுவே சரி. மற்றக் கையின் விரல்களில் நூலைச் சுற்றி ஓடவிடுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கை மாற்றிச் செய்தால் போதும்.

நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுப் போட்டு, கொக்கியால் அதைக் கண்ணிக்குள் இழுங்கள். இது ஒரு சங்கிலி. இப்படி 16 சங்கிலி போடுங்கள். பிறகு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுங்கள். ஊசியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். இன்னொரு சுற்றுப் போட்டு இரண்டையும் சேர்த்து இழுத்துவிடுங்கள். ஒரு பின்னல் முடிந்தது. வரிசை முடியும்போது 15 பின்னல் இருக்கவேண்டும். ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்பி, மறுபடியும் 15 பின்னுங்கள். எண்ணிக்கொண்டே வாருங்கள். ஓரம் கோணலாகிறது என்றால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கும், அல்லது ஒன்று கூடியிருக்கும். கலங்கவேண்டாம், குரோஷேயில் பிரிப்பது மிகச் சுலபம்.

ஓர் எச்சரிக்கை. இங்கே சொன்ன பின்னலை அமெரிக்கப் புத்தகங்கள் 'சிங்கிள் குரோஷே' என்கின்றன; இங்கிலாந்துப் புத்தகங்கள் இதையே 'டபுள் குரோஷே' என்கின்றன. எந்த நாட்டு முறை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் அளவு முழுவதும் மாறிப்போகும்.

கை ஏன் வலிக்கிறது?

புதிதாகப் பழகுகிறவர்கள் கண்ணி நழுவிவிடுமோ என்று பயந்து நூலை இறுக்குகிறார்கள். இறுகிய கண்ணிக்குள் கொக்கி நுழையாது. நுழையாததை மணிக்கட்டை மடக்கிக் குத்தி இழுக்கிறார்கள். வலி பிறப்பது அங்கேதான்.

நம் மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய வழி இருக்கிறது. அடியில் எலும்பு, மேலே கெட்டியான நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. ஓயாமல் ஒரே அசைவைச் செய்யும்போது உள்ளே வீங்கி, அந்த நரம்பு நசுங்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. "ராத்திரியில கை மரத்துப்போவுது, உதறினாத்தான் உயிர் வருது" என்று சொல்வது இதைத்தான். கார்ப்பல் டனல் என்று டாக்டர்கள் பெயர் சொல்வார்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

நம் கைகள் காலையிலேயே உழைத்துக் களைத்த கைகள். பால்வெட்டும் கத்தியும் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் வேலையும் அதே மணிக்கட்டைத்தான் வாட்டுகின்றன. ஆகவே, வேலை முடிந்து வந்ததும் ஊசியை எடுக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, கைக்கு ஓய்வு கொடுத்த பிறகு எடுங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு 10, 15 நிமிடம் போதும். பழகிய பிறகும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கீழே வைத்து, விரல்களை விரித்து, தோளைச் சுழற்றுங்கள். முழங்கையை மடியில் ஒரு தலையணைமேல் தாங்கி, துணியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள்; கழுத்தைத் துணிக்குக் குனியவிடாதீர்கள்.

கண்ணும் குழந்தையும்

வலக்கையால் பின்னுகிறவருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும்; நிழல் விழாது. அவ்வப்போது தலையை நிமிர்த்தித் தூரத்து மரத்தைப் பாருங்கள். நாற்பது வயதுக்குமேல் கிட்டத்துப் பொருள் மங்கலாகத் தெரிவது சகஜம். "கண்ணு போச்சு" என்று ஊசியைத் தூக்கிப் போடவேண்டாம். கண்ணாடி போட்டால் சரியாகும்.

மருந்தடிக்கும் வேலை செய்கிறவர்கள் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகே நூலைத் தொடவேண்டும். குழந்தைக்குப் பின்னும்போது பெரிய ஓட்டை விழும் பின்னல் கூடாது. கையுறை, காலுறையின் உள்பக்கம் தொங்கும் நூல் பிஞ்சு விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். போடுமுன் உள்ளே புரட்டிப் பாருங்கள். மணி, பொத்தான் தைக்காதீர்கள். தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

மனத்துக்கும் நல்லதா?

ஆஸ்திரேலியாவின் வொலொங்கோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் குரோஷே பின்னும் 8,391 பேரைக் கேட்டு, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மனம் அமைதியடைகிறது என்று 89.5 விழுக்காட்டினர் சொன்னார்கள். பின்னலில் ஏற்கெனவே பிரியம் உள்ளவர்களின் சொல் அது. ஆகவே மருந்துக்குப் பதிலாகப் பின்னலை நம்பக் கூடாது. ஆனால் மாலையில் நாலு பேர் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பின்னினால் மனப் பாரம் கொஞ்சம் இறங்கும்.

காசுக்குப் பின்னுகிறவர்களுக்கு

ஆந்திராவின் நரசாப்பூர் வட்டாரப் பெண்கள் பின்னிய குரோஷே லேஸ் கடல் கடந்து விற்பனையானது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1982இல் அவர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வீட்டுவேலையோடு சேர்த்து நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், "சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலைதானே" என்று சொல்லி அற்பக் கூலியே கொடுத்தார்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

எனவே யாராவது ஆர்டர் கொடுத்தால் கணக்குப் போடுங்கள். ஒரு தொப்பிக்கு 15 வெள்ளி, நூல் 8 வெள்ளி, பின்ன 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 7 வெள்ளி. மணிக்கு 1 வெள்ளி 75 காசு. 2025இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு மணிக்கு 8 வெள்ளி 72 காசு. வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். குறைந்த கூலியை ஈடுகட்ட ராத்திரி கண்விழித்துப் பின்னினால், அதற்கு விலை கொடுப்பது உங்கள் மணிக்கட்டுத்தான்.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

இரண்டு வாரம் ஊசியை நிறுத்தியும் மரப்பு போகவில்லை, கையிலிருந்து சாமான் நழுவுகிறது, கட்டைவிரல் அடிச்சதை வற்றுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தோட்ட வேலையால் வந்த கோளாறு என்று தெரிந்தால் சொக்சோவில் மனுச் செய்ய வழி உண்டு. இராத்திரியில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைக் கட்டினாலே பலருக்கு ஆரம்பத்தில் குணம் தெரியும். முற்றவிட்டால்தான் அறுவைச் சிகிச்சை வரை போகும்.

நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். நரம்புக்கு அது முடியாது. தளரப் பிடியுங்கள், மெதுவாகப் பழகுங்கள்.