சம்சாரியின் தராசு

பெரியாற்று நீர் 1895-ஆம் வருஷம் முதல் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து வர, ஒரு மலைத்தொடருக்குக் கிழக்கே, மூல வைகைக் கரையில் கிடக்கும் மயிலாடும்பாறையோ மழையையும் கிணற்றையுமே நம்பியிருக்கிறது என்ற வேற்றுமையை மனத்திற் கொண்டால்தான், இந்தப் பிரதேசத்துச் சம்சாரிகள் மேட்டில் இலவமும் கொட்டை முந்திரியும், கிணற்றடியில் தக்காளியும் அவரையும், இடம் வாய்த்தால் தென்னையுமாக ஏன் பலவற்றை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பது விளங்கும்.

பலவற்றை விளைவிப்பது பழைய விவேகம். அவற்றை விற்பதில்தான் சங்கடம். பெட்டி பெட்டியாகக் கமிஷன் மண்டிக்குப் போகும் தக்காளி ஏலத்தில் என்ன விலைக்குப் போனாலும், கமிஷனும், ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும், வண்டி வாடகையும் கழிந்த பின் மிஞ்சுவதே சம்சாரிக்கு. மண்டிக்காரரை மட்டும் பழிப்பதும் நியாயமன்று. விதைக்கும் உரத்துக்கும் அவசரத்தில் முன்பணம் தருகிறவர் பெரும்பாலும் அவரே. ஆனால் அந்த முன்பணமே சம்சாரியை அவர் வாசலில் கட்டிப்போடும் கயிறாகவும் ஆகிவிடுகிறது.

இக்கயிற்றைச் சற்றே தளர்த்த வந்ததுதான் உழவர் சந்தை. பஞ்சாபின் 'அப்னி மண்டி'யும் ஆந்திரத்தின் 'ரைது பஜா'ரும் வழிகாட்ட, 1999 நவம்பர் 14 அன்று, மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, மதுரை அண்ணாநகரில் முதற்சந்தை தொடங்கிற்று. தேனி, கம்பம், ஆண்டிபட்டி முதலிய ஊர்களுக்கும் பின்னர் வந்தது. 2001-இல் ஆட்சி மாறிய பிறகு பல சந்தைகள் களையிழந்து, 2006-க்குப் பின் மீண்டும் உயிர்பெற்ற கதையும் உண்டு. காய்கறிக்கு எந்தக் கட்சி என்று கேட்டால் அது என்ன சொல்லும்!

அங்கே கடை வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் இலவசம். நிலத்தையும் பயிரையும் சரிபார்த்துக் கொடுக்கப்படும் அடையாள அட்டை மட்டும் வேண்டும். வியாபாரி உழவர் வேஷம் பூண்டு உள்ளே நுழையாதிருக்கவே இந்த ஏற்பாடு. மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றாடம் நிர்ணயிக்கப்படும் விலை பலகையில் எழுதப்பட, விடிந்ததும் வியாபாரம் தொடங்கிவிடுகிறது.

இந்தத் தராசு நிலத்தையே மாற்றிவிடும் என்பதுதான் என் அபிப்பிராயம். மண்டிக்கு நூறு பெட்டி தக்காளி வேண்டும். சந்தைக்கு வரும் குடும்பத்துக்கோ அரைக்கிலோ தக்காளி, கால்கிலோ கத்தரி, ஒரு கட்டுக் கீரை, ரசத்துக்குக் கொத்தமல்லி. ஆகவே சந்தைக்குப் போகும் சம்சாரி, ஏக்கர் முழுவதும் ஒன்றையே நடுவதை விட்டு, நாலு பாத்தியில் கீரை, வரப்பில் முருங்கை, அதை அடுத்து வெண்டை என்று, இன்று ஒன்றும் நாளை ஒன்றும் அறுக்கும்படி நாளை எண்ணி விதைக்கப் பழகுகிறார். ஒன்றின் விலை சரிந்த வாரத்தில் மற்றொன்று செலவைத் தாங்குகிறது. இதற்கு விலையும் உண்டு: மூட்டையோடு விடியுமுன் பஸ் ஏறவேண்டும், சந்தையில் உட்காரும் பொழுதுக்குத் தோட்டத்தில் வேறொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் வீட்டுப் பெண்தான். அவள் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எல்லா விளைச்சலுக்கும் இவ்வழி ஒத்துவராது. வருஷத்துக்கு ஒருமுறை காய்க்கும் இலவத்தைக் கிலோக் கணக்கில் வாங்கிச் செல்ல யார் வருவார்? கோடையில் காய் உடைத்து, கொட்டை பிரித்துக் கட்டிய பஞ்சு மூட்டைகள், மெத்தைக்காரர்களை நோக்கி, இன்றும் வியாபாரியின் லாரியிலேதான் ஏறுகின்றன.