அள்ளிச் செல்லப்பட்ட நிலம்

சிட்னி நகரத்து வணிக நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாதவாறு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தனர். பசிபிக் தீவொன்றிலிருந்து வந்த அதனைக் கல்லாக மாறிய மரத்துண்டு என்றே அங்கிருந்தோர் எண்ணினர். ஆல்பர்ட் எல்லிஸ் என்னும் ஊழியர் ஐயுற்று 1899இல் அதனை ஆராய்ந்தார். அது உயர்தரப் பாஸ்பேட் என்பது தெரியவந்தது. அக்கல் கிடைத்த தீவு நவூரு.

நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே தனித்துக் கிடக்கும் நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே. கடற்கரையை ஒட்டி வளையம்போல் ஒரு குறுகிய தாழ்நிலம். வீடுகளும் தென்னைகளும் அங்கே உள்ளன. அதனுள்ளே எழும் மேட்டுநிலம் தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் அறிந்த அதே புன்னை அம்மேட்டில் காடாக வளர்ந்திருந்தது. தாழை இனத்து மரங்களின் பழங்கள் தீவினருக்கு உணவாயின.

மேட்டுநிலத்தின் அடித்தளம் பவளச் சுண்ணாம்புப் பாறை. நெடுங்காலமாக அரிக்கப்பட்டுக் கூரிய தூண்களாக நின்ற அப்பாறையின் இடுக்குகளில் பாஸ்பேட் படிந்திருந்தது. அதனை எடுப்பதற்கு முதலில் மரங்களை வெட்டவேண்டும். பிறகு மேல்மண்ணை அகற்றவேண்டும். இறுதியில் இடுக்குகளைச் சுரண்டவேண்டும். எஞ்சுவது பல மீட்டர் உயரமுள்ள வெண்சாம்பல் நிறத் தூண்களின் காடு. அதில் நடப்பதும் அரிது, பயிரிடுவதோ இயலாது.

செருமானியர் ஆட்சியின்போது, 1907இல் ஏற்றுமதி தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகள் தீவின் பொறுப்பை ஏற்றன. பாஸ்பரஸ் சத்துக் குறைந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மண்ணுக்கு நவூருவின் பாஸ்பேட் மலிவான உரமாயிற்று. ஒரு நாட்டின் நிலத்தைக் கரைத்து மற்ற நாடுகளின் புல்வெளிகள் செழித்தன எனலாம். நிலவுரிமையாளர்க்குத் தொடக்கத்தில் கிடைத்ததோ டன்னுக்கு அரைப் பென்னி!

தீவு வாழத் தகுதியற்றதாகிவிடும் என்பதை ஆட்சியாளரும் அறிந்திருந்தனர். குயின்ஸ்லாந்துக் கரையருகே உள்ள கர்ட்டிஸ் தீவில் மக்களைக் குடியேற்ற ஆஸ்திரேலியா முன்வந்தது. அங்கே தனித்த இனமாகத் தம்மைத் தாமே ஆளும் உரிமை கிடைக்காது எனக் கண்ட நவூரு மக்கள் 1964இல் அதனை மறுத்தனர். நான்கு ஆண்டுகளில் விடுதலையும் பெற்றனர்.

இதன் பிறகு நிகழ்ந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1970இல் சுரங்கம் நவூருவின் கைக்கு வந்தது, தோண்டுதல் நிற்கவில்லை. பாஸ்பேட் தீர்ந்தபின் உதவுமெனச் சேர்த்த அறக்கட்டளை நிதி தவறான முதலீடுகளிலும் ஊதாரித்தனத்திலும் கரைந்தது. மெல்போர்னில் எழுப்பிய வானளாவிய கட்டடமும் 2004இல் விற்கப்பட்டது. விளைநிலம் இல்லாமையால் அரிசியும் மாவும் தகரக்குவளை உணவும் கப்பலில் வருகின்றன. நீரிழிவு நோய் மிகுந்த நாடுகளுள் நவூருவும் ஒன்றாயிற்று.

விடுதலைக்கு முன் சிதைந்த நிலத்திற்கு யார் பொறுப்பு என்பதை ஆராய, இலங்கைச் சட்ட அறிஞர் வீரமந்திரி தலைமையில் நவூரு ஆணையம் அமைத்தது. 1989இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாவின்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கை விசாரிக்கும் அதிகாரம் தனக்குண்டு என நீதிமன்றம் 1992இல் கூறியது. மறு ஆண்டே 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா உடன்பட்டது.

பணம் வந்தது, மண் வரவில்லை. தூண்களை இடித்து நிரவவேண்டும், மண் பரப்பவேண்டும், நீர் தேக்கவேண்டும். ஆறில்லாத தீவில் பெரும்பாலும் மழைநீரையும் கடல்நீரைச் சுத்திகரித்த நீரையுமே நம்பவேண்டும். நிலமோ தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டு வந்தது. ஒரே துண்டுக்கு உரிமையாளர் பலர் இருப்பர். அவர்களின் இசைவின்றி ஒரு பாறையையும் அசைக்கமுடியாது.

இதற்கிடையே கடல்மட்டம் உயர்கிறது. வீடுகளும் விமான நிலையமும் தாழ்ந்த கரையோரத்திலேயே அமைந்துள்ளன. ஆகவே மக்களைப் படிப்படியாக மேட்டுநிலத்திற்குக் குடிபெயர்க்க நவூரு அரசு திட்டமிட்டுள்ளது. தோண்டி எறிந்த அந்த மேட்டைத் தவிர அவர்கள் ஏறி நிற்க வேறு உயரமான இடம் தீவில் இல்லை.