வீடு கட்டினால் போதுமா? கடைத்தெருவும் வேண்டும்

புதிதாக ஒரு குடியிருப்பு வருகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும், அங்கே ஒரு கடை கிடைக்குமா என்று விசாரிப்பது வியாபாரிகளின் வழக்கம். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. ஆயிரம் குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைக்கும் அமைப்பு, அந்தக் குடும்பங்கள் பிழைக்க வழி செய்திருக்கிறதா? செய்யவில்லையென்றால் அங்கே கடை பிடித்தவரின் கடன் நோட்டு நிறையும், கல்லா நிறையாது.

இதை விளங்கிக்கொள்ள சிங்கப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதி தீக்கிரையாகி, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். கழகம் அதே இடத்தில் விரைந்து அடுக்குவீடுகளை எழுப்பியது. இன்று அந்நாட்டின் குடிமக்களில் பெரும்பான்மையோர் வசிப்பது கழகம் கட்டிய வீடுகளில்தான்.

நமக்குப் பாடம் வீட்டு எண்ணிக்கையில் இல்லை. வீட்டோடு சேர்த்து அவர்கள் எதைக் கட்டினார்கள் என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு நகரத்துக்கும் நடுவில் ஒரு பெரிய கடைத்தெரு, பேட்டைக்குப் பேட்டை சந்தையும் சிறு கடை வரிசையும், நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம் என்று வரைபடத்திலேயே இடம் ஒதுக்கினார்கள். தெருவோரம் சோறு விற்றவர்களை 1971 முதல் 1986 வரை படிப்படியாக உரிமத்தோடு, குழாயும் சாக்கடையும் உள்ள உணவங்காடிகளுக்குக் கொண்டுவந்தார்கள். நிலம் எடுக்கப்பட்டதால் கடை இழந்த வியாபாரிகளுக்குப் புதிய கட்டடங்களில் இடம் தந்தார்கள்.

அடுக்குவீடுகளின் தரைத்தளத்தை வீடாக்காமல் திறந்த கூடமாக விட்டது இன்னொரு நல்ல ஏற்பாடு. கல்யாணம், துக்கம், முதியோர் பேச்சு, பிள்ளைகள் விளையாட்டு எல்லாம் அங்கேதான். அந்தக் கூடத்தின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பெட்டிக்கடை இருக்கும். ரொட்டி, முட்டை, பத்திரிகை, மிட்டாய் எல்லாம் கிடைக்கும். அதை நடத்தியவர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள். எல்லா இனத்தாரும் அதை ‘மாமா கடை’ என்றே அழைத்தார்கள். பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிட்டானா என்பதுகூடக் கடைக்காரருக்குத் தெரியும். வாடகைக்கு விட்ட ஒரு மூலை, ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பாகவும் அந்தக் கட்டடத்துக்குக் காவலாகவும் ஆனது. ஊரில் முதலீடு என்பது இதுதான்.

எல்லாம் சுகமாகவே நடந்துவிடவில்லை. பெரிய அங்காடிகளும் இரவு பகல் திறந்திருக்கும் கடைகளும் வந்தபின் மாமா கடைகள் குறைந்தன. பேட்டைக் கடைகளிலும் வியாபாரம் மங்கியது. 1990களில் கழகம் தன் கடைகள் பலவற்றை வாடகைதாரர்களுக்கே விற்றது. அவற்றுள் சில கைமாறி விலை ஏறியபோது, புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் திணறினார்கள்.

அப்போது கழகம் செய்ததை நாம் கவனிக்கவேண்டும். 2007ஆம் ஆண்டு கடைகளுக்குப் புத்துயிர் ஊட்டும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நடைபாதை, கூரை, விளக்கு போன்ற பொது இடங்களைச் சீரமைக்கும் செலவில் கழகமே பங்கேற்றது. கடைக்காரர்கள் கூடிச் சங்கம் அமைக்கத் தொடக்க நிதி தந்தது. சங்கம் நடத்தும் விற்பனை விழாக்களுக்கும் உதவியது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: கடைக்காரர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்து வாக்களிக்கவேண்டும். ஒற்றுமை இல்லாத கடைத்தெருவுக்கு உதவி இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970இல் உருவானது. சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தொலைவில் குடிவைக்கப்பட்டார்கள். கான்கிரீட் கூரை கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போனவர்கள் பழைய இடத்துக்குப் பேருந்தில் நெடுந்தூரம் போகவேண்டி வந்தது. பலர் வேலையையே இழந்தார்கள். பழகிய மளிகைக் கடையும் போனது. கையில் காசில்லாத நாளில் முகம் பார்த்து அரிசி தந்தவர் பழைய தெருவிலேயே இருந்துவிட்டார். வாரியத்தின் பெயர் 2021இல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறியது. வாழ்விடம் என்ற சொல்லுக்குள் வீடு மட்டும் இல்லை. வேலை, பள்ளி, பேருந்து, கடை எல்லாம் அடங்கும்.

கணக்குப் பார்த்தாலும் இதுவே லாபம். குடியிருப்புக்குள் இருக்கும் கடையில் ஒருவர் நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், அதில் ஒரு பங்கு கடைப் பையனின் சம்பளமாகவும், மூட்டை இறக்குபவரின் கூலியாகவும், பக்கத்து மாவு மில்லின் வரவாகவும் அதே இடத்தில் சுற்றும். கையில் காசு புரளும் குடும்பம் வாரியத்துக்கு வாடகையையும் தவணையையும் ஒழுங்காகக் கட்டும்.

ஆகவே, தங்கள் பகுதியில் குடியிருப்புத் திட்டம் வரும்போது நம் கிளைச் சங்கங்கள் அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்கவேண்டியவை நான்கு. ஒன்று, வரைபடத்திலேயே கடைகளுக்கும் சந்தைக்கும் இடம். இரண்டு, இடம் இழந்த வியாபாரிக்கும் அங்கேயே குடியேறுபவருக்கும் முன்னுரிமை. மூன்று, முதல் சில ஆண்டுகளுக்குத் தாங்கக்கூடிய வாடகை. ஏலத்தில் அதிகம் கேட்டவருக்கே கடை என்றால் சிறு வியாபாரி உள்ளே நுழையவே முடியாது. நான்கு, தண்ணீர், விளக்கு, குப்பை அகற்றல் ஆகியவற்றைப் பேச மாதம் ஒரு கூட்டம்.

நாமும் பதிலுக்குத் தரவேண்டியது உண்டு. எடையில் நேர்மை, நடைபாதையை அடைக்காத கடை, அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கே வேலை. சாவி கொடுத்தபின் மனு எழுதிப் பயனில்லை. வரைபடம் மேசையில் இருக்கும்போதே போய்ப் பேசுவோம்.