பூட்டிய வீடும் பொங்கல் சனமும்

வைகாசிப் பொங்கல் திங்களன்று முல்லைத்தீவு வற்றாப்பளையில் படுக்க இடம் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். கண்ணகி அம்மன் கோயில் வீதி, மரத்தடி, நந்திக்கடல் கரை, எங்கும் சனம். தெரிந்த வீடென்றால் விறாந்தையில் ஒரு பாய் கிடைக்கும், அதுவும் முந்தி வந்தவருக்கு.

வெளிநாட்டு உறவுகள் இப்போது இந்தக் கரைச்சலுக்குள்ளேயே வருவதில்லை. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அறை எடுக்கிறார்கள். வான் பிடித்து, பரந்தன் வீதியால் வட்டுவாகல் பாலம் கடந்தோ மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகவோ வருகிறார்கள். கும்பிட்டு, படம் எடுத்து, இரவோடிரவாகத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கண்டது பொங்கலின் கடைசி நாளை மட்டும்தான்.

பொங்கலுக்கு முன் நடக்கும் பாக்குத் தெண்டல் சடங்கோடு ஊர் வேறு நடைக்கு மாறிவிடும். முந்திய திங்கள் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவார்கள். ஞாயிறு அங்கே பொங்கல். அதன் பிறகுதான் மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு வரும். இந்த ஒரு கிழமை ஊரில் தங்கினால் எத்தனையோ பார்க்கலாம். சில ஏமாற்றங்களும் உண்டு. களப்பு இறாலை நினைத்துக்கொண்டு விமானம் ஏறியவருக்குப் பல வீடுகளில் பருப்பும் கத்தரிக்காயும்தான் கிடைக்கும், பொங்கல் முடியுமட்டும் மச்சச்சட்டி அடுப்பேறாது. அதற்கு ஈடாகப் பாலைப்பழக் காலம் தொடங்கியிருக்கும். பாரிசில் பிறந்த பிள்ளைகள் ஆசையாகத் தின்றுவிட்டு, உதடு ஒட்டிக்கொண்டதென்று தாயைத் தேடி ஓடிவரும். கிணற்றடியில் வாளி இழுக்கக் கற்றுக்கொண்ட பிறகு அவர்களைக் குளியலறைப் பக்கம் அனுப்புவது பெரும்பாடு.

சரி, தங்குவது எங்கே? இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. இடம் இல்லாமலில்லை. 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து மீண்டவர்கள் தகரக் கொட்டிலில் தொடங்கினார்கள், பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு வந்தது. அதற்குப் பக்கத்திலேயே பாரிசின் லாச்சப்பல் பக்கம் உழைத்த காசில் எழும்பிய இன்னொரு வீடு நிற்கும்: மாபிள் தரை, குளிரூட்டி, ஆளுயர மதில், இரும்புக் கேற், அதில் ஒரு பூட்டு. ஆண்டில் சில நாள் திறந்தால் அதிகம். இப்போது கட்டியவர்களே வானில் வந்து போவதால் அந்தச் சில நாளும் குறைகிறது. மழைக்குள் சுவர் பூஞ்சணம் பிடிக்கிறது, தண்ணீர்ப் பம்பி இறுகிப்போகிறது. ஊர் நிறைய வீடு, படுக்க இடமில்லை.

இதே உறவுகள் கோடை விடுமுறைக்குப் பிரான்சின் நாட்டுப்புறத்துக்குப் போனால் எங்கே தங்குகிறார்கள்? ‘ஜீத்’ என்கிற கிராமத்து வாடகை வீட்டில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளையவர்கள் நகரங்களுக்குப் போக, அங்கும் பண்ணை வீடுகள் வெறுமையாகின. அவற்றைத் திருத்தி நகரத்துக் குடும்பங்களுக்கு விடத் தொடங்கினார்கள். முதல் வீடு 1951இல் திறந்தது, 1955இல் நாடளாவிய சம்மேளனமே உருவாகிவிட்டது. கோடையில் பெரும்பாலும் சனிக்கிழமை பின்னேரம் திறப்பை வாங்கி, அடுத்த சனி காலை கூட்டித் துடைத்துக் கொடுப்பது வழமை. மத்தியானம் கடை பூட்டு, சில நாட்களில் ஊர்ப் பாண் கடையும் பூட்டு. எங்கள் ஆட்கள் இதையெல்லாம் முணுமுணுக்காமல் பழகிக்கொள்கிறார்கள். காசுக்கும் விடுகிறார்களே என்று வியந்து பேசுகிறார்கள். அந்த யோசனை தங்கள் வற்றாப்பளை வீட்டு வாசலுக்கு மட்டும் வருவதில்லை.

‘தாய் தகப்பன் பேரில் கட்டின வீடு, கண்டவனுக்கும் விடேலாது’ என்பவர்களின் மனம் புரியாமலில்லை. ஆனால் பூஞ்சணமும் கண்டவன்தானே.

இப்படியொரு வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வைத்திருக்கிறார். முற்றம் கூட்டுவதும் கறன்ட் பில் கட்டிப் படம் அனுப்புவதும் அவர்தான். பொங்கலுக்கு வருகிறவர்கள் கேட்டால் திறந்துவிடலாமே என்றேன்.

“நான் திறப்பன் தம்பி. அவையிட்ட ஒரு சொல்லுக் கேக்கோணுமெல்லே? சனம் வந்து நிக்கிறது காலமை எட்டு மணிக்கு. அங்க அப்ப நாலரை. எடுத்தா நித்திரையில ஏசுவினம். அவை எழும்பி யோசிச்சு மெசேச் போடேக்க, வந்த சனம் கோயிலடியில பாய் விரிச்சுப் போடும்.”